பெயரெழுதி வரைந்த ஓவியர்

நூலுக்குப் படம் வரைதல் நம்மவரிடையே பெரிதாக மதிக்கப்பெறாத கலையாகும். கவிஞரைப் புகழ்வோம், உரையாசிரியரை நினைவுகூர்வோம், பதிப்பாசிரியருக்கும் நன்றி சொல்வோம். அட்டையிலும் உள்ளேயும் படம் தீட்டியவர் யாரெனக் கேட்போர் மிகச் சிலரே. அச்சகத்தின் பெயர் நூலில் தவறாமல் இடம்பெறும். ஓவியரின் பெயர் பல நூல்களில் இடம்பெறுவதில்லை. எழுத்து எசமான், படம் ஏவலாள் என்னும் எண்ணமே இதற்குக் காரணம்.

இவ்வெண்ணத்தைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் முற்றிலும் புரட்டிக் காட்டியவர் வங்கத்து அச்சோவியர் சித்தபிரசாத். அவருடைய வாழ்வையும் பணியையும் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வறியோரை வரைந்தார் என்பதற்காக மட்டும் நாம் அவரைப் போற்ற வரவில்லை. வறியோரை வரைந்தோர் உலகில் பலர். தாம் வரைந்த மனிதனின் பெயரையும் ஊரையும் படத்தோடு சேர்த்து எழுதினார். அதுவே அவரது தனிச்சிறப்பு என்பது நம் கருத்து. அப்பழக்கம் நீங்கிய இடங்களில் அவரது கலையும் தளர்ந்தது என்பதும் நம் கருத்தே. போடிநாயக்கனூரில் அமர்ந்து வங்கத்து ஓவியரைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். அவர் எழுப்பிய வினா நம் ஏலமலைச் சரிவுகளையும் தொடுவதாகும் என்பதைக் கட்டுரையின் பிற்பகுதி காட்டும்.

வாழ்க்கைக் குறிப்பு

சித்தபிரசாத் 1915ஆம் ஆண்டு வங்கத்தின் நைஹாத்தியில் பிறந்தார். குடும்பவழி வந்த பட்டாச்சார்யா என்னும் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து எழுதுவதைப் பின்னாளில் விட்டொழித்தார். சாதியைக் காட்டும் பெயரைத் துறந்த ஒருவரே பிறருடைய பெயர்களைத் தேடித் தேடி எழுதினார் என்பது எண்ணத்தக்கது. சிட்டகாங் அரசினர் கல்லூரியில் கல்வி கற்ற காலத்தில் நாட்டு விடுதலை வேட்கையும் உழவர் இயக்கமும் அவரை ஈர்த்தன. பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். ஓவியக் கல்லூரி எதிலும் முறையாகப் பயின்று தேர்ந்தவரல்லர். தம் கையையும் கண்ணையுமே ஆசானாகக் கொண்டு வளர்ந்தவர்.

1943-இல் வங்கம் பஞ்சத்தில் வீழ்ந்தபோது மேதினிப்பூர் மாவட்டத்தில் சுற்றி, கண்டவற்றை எழுதியும் வரைந்தும் வந்தார். பின்னர் பம்பாய் சென்று கட்சி இதழ்களுக்குப் படம் வரைந்தார். இந்திய மக்கள் நாடக மன்றத்தின் சின்னமாக இன்றும் விளங்கும் முரசறைவோன் உருவம் அவர் வரைந்ததே. 1946-ஆம் ஆண்டின் கடற்படை எழுச்சியும், தெலுங்கானா உழவர் போராட்டமும் அவரது செதுக்கோவியங்களில் இடம்பெற்றன. 1940-களின் இறுதியில் கட்சியோடு கருத்து வேறுபட்டு விலகினார். அதன்பின் பம்பாய் அந்தேரியில் எளிய அறையொன்றில் பல்லாண்டு வறுமையில் வாழ்ந்தார். சிறுவர்க்கான கதைநூல்களுக்குப் படம் செதுக்கினார். ‘கேலாகர்’ என்னும் பெயரில் பொம்மலாட்ட அரங்கு அமைத்துத் தம் சுற்றுப்புறத்துப் பிள்ளைகளை மகிழ்வித்தார். செக் நாட்டு அன்பர்கள் சிலர் அவர் அருமையறிந்து போற்றினர். பாவெல் ஹோபில் என்னும் செக் இயக்குநர் 1972-இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். 1978-ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் காலமானார். செல்வமோ பட்டமோ அவரைத் தேடி வரவில்லை.

செதுக்கும் கலை

அவர் கையாண்ட முறையைச் சற்று விளக்குதல் நன்று. லினோலியம் என்பது ஆளி விதை எண்ணெயைக் கெட்டிப்படுத்தி, தக்கைத் தூளும் பிறவும் கலந்து செய்யும் தரைவிரிப்புப் பொருள். மரத்தைவிட மென்மையானது, விலையும் குறைந்தது. அதன்மீது உருவத்தை இடவலம் மாற்றி வரைந்து, வெள்ளையாக நிற்கவேண்டிய இடங்களைக் கூரிய உளியால் தோண்டி எடுத்துவிடுவர். எஞ்சி நிற்கும் மேட்டின்மீது மையுருளையை ஓட்டித் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். முத்திரை மோதிரம் செதுக்குவோர் எழுத்தை இடவலம் மாற்றி வெட்டுவதைப் போன்றதே இது.

நம் பெரியோர்கள் அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் பதிப்பித்த கல்லச்சு முறையோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். கல்லச்சில் எழுத்தரின் கை பிசுக்குமையால் எழுதியது அப்படியே கல்லிற்கு ஏறும். கையின் ஓட்டமெல்லாம் தாளில் தெரியும். லினோலியச் செதுக்கில் கை எழுதுவது வெள்ளையை. கருமை தானே எஞ்சுவது. ஒரு முறை தோண்டியதை மீண்டும் நிரப்ப இயலாது. ஆகவே இக்கலைஞன் எதை நீக்குவது என்று முன்னரே துணிய வேண்டியவனாகிறான். சாம்பல் நிறத்துக்கு இங்கே இடம் குறைவு. கறுப்பு அல்லது வெளுப்பு. இவ்வியல்பு வழக்கில் ஒரு பக்கம் நின்று பேசுவோர்க்கு மிகவும் ஏற்றது. அதுவே இதன் வலிமை. அதுவே இதன் ஆபத்து என்பதைப் பின்னர்க் காண்போம்.

சித்தபிரசாத்துக்கு முன்னே இக்கலைக்கு ஒரு நெடிய வழி உண்டு. ரஷ்ய நாட்டின் விளாதிமிர் ஃபவோர்ஸ்கி (1886–1964) அவ்வழியின் முதன்மையானோருள் ஒருவர். நூல் என்பது ஒரு கட்டடம். எழுத்து, ஓரம், படம், அட்டை யாவும் ஒரே திட்டத்தில் எழுப்பப்பெற வேண்டும் என்பது அவர் கோட்பாடு. 1923 முதல் 1926 வரை மாஸ்கோவின் புகழ்பெற்ற கலைக்கல்லூரிக்குத் தலைமை தாங்கினார். உலகப் போர் மூண்டபோது மாஸ்கோவிலிருந்து சமர்கந்துக்கு அனுப்பப்பட்டு, 1941 முதல் 1943 வரை அங்கே வாழ்ந்தார். இமாம் புகாரியின் அடக்கத்தலத்தை அருகில் கொண்ட அந்நகரின் கழுதைகளையும் ஒட்டகங்களையும் தலைப்பாகை அணிந்த முதியவர்களையும் அவர் லினோலியத்தில் செதுக்கிய வரிசை இன்றும் போற்றப்படுகிறது. அப்போர் அவருடைய புதல்வர் இருவரையும் கொண்டுபோயிற்று. 1962-இல் லெனின் பரிசு பெற்றார்.

சீன எழுத்தாளர் லூ சுன் 1931-இல் ஷாங்காயில் இளைஞர்க்கு மரச்செதுக்குப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்தார். 1934-இல் ஃபவோர்ஸ்கி முதலிய சோவியத் ஓவியர்களின் அச்சோவியங்களைத் தொகுத்து வெளியிட்டார். அந்த விதை சீனப் போர்க்காலச் செதுக்கோவியங்களாக வளர்ந்தது. அவ்வோவியங்கள் வங்கத்துக்கும் வந்து சேர்ந்தன. ஜெர்மானியப் பெண்மணி கேத்தே கோல்விட்ஸின் படைப்புகளும் அவ்வாறே வந்தன. தமிழகத்தில் நாமும் இம்மரபின் விளிம்பைத் தொட்டதுண்டு. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்கள், 1991-இல் சோவியத் ஒன்றியம் கலையும் வரையில், மிகக் குறைந்த விலையில் நம் சிற்றூர்களுக்கும் வந்தன. கதையைப் படித்தோம், படத்தைக் கண்டு வியந்தோம், வரைந்தவர் பெயரை மட்டும் வாசியாமல் விட்டோம்.

பசித்த வங்காளம்

இனி, சித்தபிரசாத்தின் தலைசிறந்த பணிக்கு வருவோம். 1942 அக்டோபரில் பெரும்புயல் மேதினிப்பூர்க் கடற்கரையைச் சிதைத்தது. அதற்குச் சில திங்கள் முன்னரே பர்மா ஜப்பானியர் வசமாகி, அரிசி வரவு நின்றிருந்தது. பகைவர் கையில் சிக்கலாகாதெனக் கடலோரத்துப் படகுகளை அரசே அப்புறப்படுத்தியிருந்தது. போர்க்காலப் பணவீக்கத்தாலும் பதுக்கலாலும் அரிசி விலை கூலிக்காரன் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. 1943-ஆம் ஆண்டு, அதாவது ஹிஜ்ரி 1362-இல், வங்கம் மடிந்தது. 1945-இல் அரசு விசாரணைக் குழு இறந்தோர் 15 லட்சம் என்றது. பின்வந்த ஆய்வாளர் பலர் 30 லட்சம் வரையில் மதிப்பிட்டனர். கணக்கிடுவோர் மாறினால் எண்ணிக்கை மாறுகிறது என்பதை இங்கே மனத்தில் கொள்க.

அவ்வாண்டு நவம்பரில் சித்தபிரசாத் மேதினிப்பூரின் சிற்றூர்கள் வழியே பயணம் செய்தார். அப்பயணத்தின் விளைவே ‘பசித்த வங்காளம்’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சிறுநூல். எழுத்தும் அவருடையதே, படமும் அவருடையதே. படங்கள் செதுக்கோவியங்கள் அல்ல, மையால் விரைந்து தீட்டியவை. பம்பாயில் அச்சான அந்நூலை ஆங்கில அரசு பறிமுதல் செய்து அழித்தது. அழிக்கப்பட்டவை 5000 படிகள் என்பர். குடும்பத்தாரிடம் தப்பிய ஒரு படியைக் கொண்டு 2011-இல் தில்லியில் அது மீண்டும் உருவப்பதிப்பாக வெளிவந்தது.

ஆயிரக்கணக்கான பக்கங்களில் அறிக்கைகள் வெளிவந்த காலத்தில், சில பக்கங்களே கொண்ட படநூலுக்கு ஓர் ஏகாதிபத்திய அரசு ஏன் அஞ்சியது? சவங்களின் கோரம் காரணமாயிருக்கலாம். ஆயினும் கல்கத்தாவின் ஏடொன்று 1943 ஆகஸ்டிலேயே பஞ்சத்தின் புகைப்படங்களை வெளியிட்டிருந்தது; கோரம் புதிதன்று. நாம் வேறொரு காரணத்தைக் காண்கிறோம். சித்தபிரசாத்தின் பஞ்சகாலப் படங்கள் பலவற்றில், உருவத்தின் அருகே, இவர் பெயர் இன்னது, ஊர் இன்னது, தொழில் இன்னது, நிலம் எவ்வாறு போயிற்று, வீட்டில் மாண்டவர் யார் என்னும் குறிப்புகள் காணப்படுகின்றன. எண்ணிக்கையை மறுக்கலாம், தொகையைக் குறைத்துச் சொல்லலாம். பெயரும் ஊரும் உள்ள ஒருவனை, சென்று கேட்டால் அக்கம்பக்கத்தார் ஆமென்று சொல்லக்கூடிய ஒருவனை, எவ்வாறு மறுப்பது?

மத்ரஸாவில் ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இந்தப் பழக்கம் அந்நியமாகத் தோன்றாது. ஒரு செய்தி எத்துணை அழகாயினும், அதனை யார் யாரிடமிருந்து கேட்டார் என்னும் ஸனது இல்லையேல் நம் முன்னோர் ஏற்கவில்லை. அறிவித்தவனின் பெயர், ஊர், காலம், நாணயம் யாவும் ஆராயப்பட்டன. பெயர் தெரியாத ராவியை ‘மஜ்ஹூல்’ என்று ஒதுக்கினர். சித்தபிரசாத் இக்கலையைப் பயின்றவரல்லர். ஆயினும் துயரத்தைப் பற்றிய செய்திக்கும் ஸனது வேண்டும் என்பதை உள்ளத்தால் உணர்ந்தவர். அவர் படம் வரைந்தார் என்பதைவிட, அறிவித்தார் என்பதே பொருந்தும்.

மூலமும் ஓரவுரையும்

நம் கிதாபுகளில் நடுவே மத்னு என்னும் மூலம் நிற்கும். சுற்றிலும் ஓரத்தில் ஹாஷியா என்னும் குறிப்புரை படர்ந்திருக்கும். பெரும்பாலான நூலோவியங்கள் ஹாஷியாவின் நிலையிலேயே உள்ளன. மூலம் சொன்னதையே மறுபடி சொல்லும், சில வேளைகளில் அழகாக. ‘பசித்த வங்காளம்’ இம்முறையைத் தலைகீழாக்கியது. அங்கே படமே மத்னு; எழுத்து அதன் ஷர்ஹு. படத்தில் கண்ட மனிதன் யார், அவன் இந்நிலைக்கு வந்தது எங்ஙனம் என்று விரித்துரைப்பதே எழுத்தின் வேலை.

எழுதிய கையே வரைந்தது என்பதற்கு நம் மரபிலேயே பெருமைமிக்க சான்றுண்டு. அரபி மத்ரஸாக்களில் இலக்கியப் பாடமாகப் பலரும் ஓதும் ஹரீரியின் ‘மகாமாத்’ நூலை, ஹிஜ்ரி 634-இல், கி.பி. 1237-இல், யஹ்யா இப்னு மஹ்மூத் அல்வாஸிதீ என்பவர் தம் கையாலேயே எழுதி, தம் கையாலேயே படமும் தீட்டினார். அப்படி இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. பள்ளிவாயில் கூட்டம், ஒட்டக மந்தை, சிற்றூர் வாழ்க்கை, ஸபீத் நகரின் அடிமைச் சந்தை என அக்கால உலகம் அதில் உயிர்பெற்று நிற்கிறது. உருவம் வரைவது பற்றி நம் உலமாக்களிடையே உள்ள கருத்துகளை வாசகர் அறிவர். அவ்வாராய்ச்சிக்குள் இங்கே நாம் புகவில்லை. அரபு நாகரிகத்தின் நடுவே நூலோவியமும் ஒரு காலத்தில் வாழ்ந்தது என்பது வரலாறு. அதனை மட்டும் சுட்டுகிறோம்.

மகாமாத்தின் ஒவ்வோர் அத்தியாயமும் ஹாரிஸ் இப்னு ஹம்மாம் அறிவித்ததாகத் தொடங்கும். அந்த ஹாரிஸ் கற்பனை மாந்தர். அந்த ஸனது சொல்விளையாட்டு. ஹரீரி ஸனதின் வடிவத்தைக் கடன் வாங்கி நகைச்சுவை செய்தார். அதற்குப் படம் தீட்டிய வாஸிதீயின் மக்கள் முகங்கள் உயிர்ப்புடையன, எனினும் பெயரற்றவை. அல்வாஸிதீ எழுதி முடித்து 21 ஆண்டுகளில் பக்தாத் மங்கோலியரிடம் வீழ்ந்தது. அந்நகரின் பொதுமக்களைப் பற்றி நாம் கண்ணால் காணக்கூடிய சான்றுகள் மிகச் சிலவே. வாஸிதீ வரைந்தவை அவற்றுள் சிறந்தவை. அவர்களுள் ஒருவர் பெயரையேனும் அவர் ஓரத்தில் எழுதி வைத்திருக்கலாகாதா என்று ஏங்குவோர்க்குச் சித்தபிரசாத்தின் அருமை விளங்கும்.

ஜைனுல் ஆபிதீனோடு ஓர் ஒப்பீடு

அதே பஞ்சத்தை வரைந்த மற்றொரு பெருங்கலைஞர் ஜைனுல் ஆபிதீன் (1914–1976). பின்னர் 1948-இல் டாக்காவில் அரசுக் கலைக் கல்விக்கூடத்தை நிறுவி, வங்க முஸ்லிம்களிடையே ஓவியக் கலைக்கு அடித்தளம் இட்ட பெருமகனார் இவர். 1943-இல் கல்கத்தாத் தெருக்களில் கண்ட காட்சிகளை மலிவான தாளில் கருமையால் தீட்டினார். இவரது படங்கள் 1944-இல் ஈலா சென் எழுதிய பஞ்ச நூலில் இடம்பெற்றன. குப்பைத் தொட்டியருகே நாயும் காகமும் மனிதனும் ஒரே உணவுக்குப் போட்டியிடும் அவரது கோடுகளைக் கண்டவர் மறவார்.

கோட்டின் ஆற்றலில் ஜைனுல் ஆபிதீன் சித்தபிரசாத்தை விஞ்சியவர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவரது தூரிகையின் ஓரிரு வீச்சில் முதுகெலும்பு முழுதும் தெரியும். ஆனால் அவர் வரைந்தவர்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்து நகரத் தெருவுக்கு வந்தபின் வீழ்ந்தவர்கள். பெயரும் ஊரும் அங்கே கழன்றுபோயின. சித்தபிரசாத் அவர்கள் புறப்பட்ட ஊருக்கே சென்றார். ஒருவர் பஞ்சத்தின் முடிவை வரைந்தார்; மற்றவர் அதன் காரணத்தைத் தேடினார். முன்னதைக் கண்டால் நெஞ்சு உருகும். பின்னதைக் கண்டால் வழக்காடத் தோன்றும்.

இவ்விடத்தில் ஒரு தடையை எதிர்கொள்ள வேண்டும். பசியால் ஆடையும் நாணமும் இழந்து கிடக்கும் ஒருவரை வரைந்து, பெயரையும் எழுதி ஊரறியச் செய்வது அவரை மேலும் இழிவுபடுத்துவதாகாதா? பிறர் குறையை மறைப்பதன்றோ பண்பு? இக்கேள்வி நியாயமானது. அறிவிப்பாளர்களை ஆராய்ந்த நம் இமாம்களும் இதே கேள்வியைச் சந்தித்தனர். ஒருவரின் குறையைப் பேசுவது புறம். ஆயினும் உண்மையைக் காக்கும் தேவைக்காக, தேவையின் அளவோடு பேசுவது கடமை என்று அவர்கள் வகுத்தனர். ‘ஜர்ஹு’ என்னும் சொல்லுக்குக் காயப்படுத்துதல் என்பதே பொருள் என்பதையும் அவர்கள் மறக்கவில்லை. இந்த அளவுகோலை ஓவியத்துக்கும் வைக்கலாம். காயத்தைக் காட்டுவது சாட்சியத்துக்காகவா, காட்சிக்காகவா? பெயரைக் கேட்டறிவதற்கு ஓவியன் அருகில் அமர வேண்டும், பேச வேண்டும், விடைபெற வேண்டும். தொலைவில் நின்று வரைபவனுக்கு அத்தொல்லை இல்லை. பெயர் எழுதப்பட்டிருப்பதே, ஓவியன் அவரை ஒரு மனிதராக எதிர்கொண்டான் என்பதற்குச் சான்றாகிறது.

பெயர் நீங்கியபின்

சித்தபிரசாத்தின் பிற்காலச் செதுக்கோவியங்களை இதே அளவுகோலால் நோக்குவோம். 1950-களில் அவர் லினோலியத்தில் செதுக்கிய தாய்மார்களும் பிள்ளைகளும் உழவர்களும் கண்ணுக்கு இனியவர்கள். வங்க நாட்டுப்புறக் கலையின் வளைவுகளும் கோல ஒழுங்கும் அவற்றில் குடிகொண்டுள்ளன. பிமல் ராயின் ‘தோ பீகா ஜமீன்’ (1953) திரைப்படத்துக்கு அவர் செதுக்கித் தந்த படமும் நினைவில் நிற்பது. செல்வர் வாங்கிப் பூட்டி வைப்பதற்காகச் செதுக்காமல், எளியவர் வாங்கிச் சுவரில் ஒட்டட்டும் என்று மலிவாக அச்சிட்டார். இது அவரது பண்பின் உயர்வு.

எனினும் அப்படங்கள் பலவற்றில் ஒரு தாய்க்கும் மறு தாய்க்கும் வேற்றுமை காண்பது அரிது. எல்லா உழவனும் ஒரே தோள். எல்லாக் கையும் ஓங்கிய கை. கறுப்பும் வெளுப்புமே உள்ள கலையில் இந்த ஆபத்து இயல்பாகவே பதுங்கியிருக்கிறது. பெயர் போனதும், முகமும் மெல்லக் கரைந்து சின்னமாகிவிட்டது. சின்னம் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கும். சாட்சிக்கூண்டில் ஏறி நின்று வாக்குமூலம் தராது.

இவ்வாறு கூறுவதால் பிற்காலப் பணி முழுவதையும் ஒதுக்கினோம் என்று கொள்ளலாகாது. உழைக்கும் சிறுவர்களைப் பற்றி அவர் செதுக்கிய ‘தேவதைக் கதைகளற்ற வானவர்கள்’ என்னும் வரிசை, டென்மார்க்கின் யூனிசெப் குழுவினரால் 1969-இல் நூலாக வெளியிடப்பெற்றது. விளையாட வேண்டிய வயதில் வேலை செய்யும் பிள்ளைகள் அதில் நம்மை நோக்குகின்றனர். பெயர் இல்லை எனினும், ஒவ்வொரு பிள்ளையின் தொழிலும் தனித்தனியே காட்டப்பெற்றுள்ளது. இளமையில் பெயரெழுதிப் பழகிய கை, பின்னாளில் பெயரெழுதாவிடினும் வேற்றுமையை மறக்கவில்லை என்பதற்கு இது சான்று. தேவதைக் கதைகளற்ற பிள்ளைகளைச் செதுக்கிய அதே மனிதர், அந்தேரியில் அத்தகைய பிள்ளைகளைக் கூட்டிப் பொம்மைகளைக்கொண்டு கதை சொன்னார் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஏலமலைச் சரிவில்

சித்தபிரசாத்தின் தூண்டுதலால் ஓவியம் தொடங்கியவர் சோம்நாத் ஹோர் (1921–2006). அவர் 1946-இல் ரங்கப்பூர் உழவர்களின் தேபாகா இயக்கத்தை நாட்குறிப்பாக எழுதி வரைந்தார். 1947-இல் வடவங்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்று தொழிலாளரை அவ்வாறே பதிவு செய்தார். மலைத்தோட்டத் தொழிலாளிக்கு அங்கே ஓர் ஓவியன் கிடைத்தான். நம் மலைக்கு?

போடியின் மேற்கே எழுந்து நிற்கும் ஏலமலை, உலகுக்கு மணம் ஊட்டுகிறது. அரபியர் ‘ஹைல்’ என அழைத்துத் தம் கஹ்வாவில் இடும் ஏலக்காயில் பெரும்பங்கு ஒரு காலத்தில் இம்மலைகளிலிருந்து சென்றதே. விடியுமுன் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து பெண்கள் மலையேறுகின்றனர். ஏலச்செடியின் காய் கிளையில் தொங்குவதன்று. அடித்தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில் காய்ப்பது. ஆகவே ஈரமண்ணில் குந்தி, அட்டைக்கடியைப் பொறுத்து, சரத்தில் முற்றிய காயை மட்டும் தேர்ந்து ஒவ்வொன்றாய்ப் பறிக்க வேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோ ஆகும். பின்னர் போடியின் கிடங்குகளில் பெண்கள் அமர்ந்து காய்களை நிறமும் பருமனும் பார்த்துத் தரம் பிரிக்கின்றனர். மின்னணு முறையில் ஏலம் நடக்கும்போது ஒவ்வொரு குவியலுக்கும் எண் உண்டு, எடை உண்டு, உடையவர் பெயர் உண்டு. பறித்த கைக்கு அங்கே பெயரில்லை.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்றே பெயர். வேலை குறைந்தால் கணக்கப்பிள்ளை ‘அரைப் பேர்’ போடுவார். மனிதனின் பெயர் கூலிக்கணக்கின் அளவாகச் சுருங்கியதை இதனினும் கூர்மையாகக் காட்டும் சொல் தமிழில் உண்டா என்பது ஐயமே. ஏட்டில் பெயர் ஏறுகிறது, கூலியைக் கழிப்பதற்காக. நூலில் பெயர் ஏறுவதில்லை.

நம் சமுதாயத்தார் பலர் இவ்வாணிபத்தில் நெடுங்காலமாக ஈடுபட்டுள்ளனர். விழா மலர்கள் வெளியிடுகிறோம், நாட்காட்டிகள் அச்சிடுகிறோம். பசுங்காய்களின் வண்ணப்படம் இருக்கும்; பனி படர்ந்த போடிமெட்டின் படம் இருக்கும்; நன்கொடையாளரின் படமும் பெயரும் முழுப்பக்கத்தில் இருக்கும். இவற்றைக் குறை கூறவில்லை. அவர்கள் படத்தை அச்சிடும் அளவுக்கு நமக்குக் கலையும் செலவும் கைகூடும் என்பதற்கு இவையே சான்று என்று மட்டும் சொல்கிறோம். ஐம்பதாண்டு காய் பறித்து விரல் கறுத்த ஒரு மூதாட்டியின் முகத்தை, அவர் ஒப்புதலோடு, அவர் பெயரோடும் ஊரோடும் ஒரு பக்கத்தில் வரைந்து வெளியிட்ட மலர் நம் கண்ணில் படவில்லை. கதைகள் வந்துள்ளன, கவிதைகளும் வந்துள்ளன. அவற்றில் அவர் ‘உழைக்கும் பெண்’ என்னும் சின்னமாகவே வருகிறார். சித்தபிரசாத்தின் பிற்காலத் தளர்ச்சியிலிருந்தே நாம் தொடங்குகிறோம். அவரது முற்கால வலிமையை அடையவில்லை.

அழிக்கப்பட்ட ‘பசித்த வங்காளம்’ இப்போது கலைக்கூடங்கள் போற்றும் அரும்பொருளாகிவிட்டது. எளியோர் கையில் தவழ வேண்டிய சிறுநூல் கண்ணாடிப் பேழைக்குள் போனதில் வருத்தமும் உண்டு. அழியாமல் எஞ்சியதில் ஆறுதலும் உண்டு. ஆனால் அந்நூலை உண்மையாகப் போற்றும் வழி அதனைப் பார்த்து வியப்பதோடு முடிவதன்று. அதன் முறையைக் கைக்கொள்வதே வழி. அதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு தாள், சிறிது மை, அருகில் அமர்ந்து பெயர் கேட்கும் பொறுமை இவை போதும். நம் மத்ரஸாக்களிலும் பள்ளிகளிலும் கையெழுத்து அழகும் சித்திரத் திறனும் வாய்ந்த பிள்ளைகள் உள்ளனர். அவர்களுள் ஒருவரேனும் அடுத்த காய்ப்பருவத்தில் மலையேறி, கண்டவரின் பெயரைக் கேட்டு எழுதிவரட்டும். சாட்சியத்தை மறைப்பது குற்றம் என்று கற்ற நமக்கு, சாட்சியத்தைத் தேடிச் சென்று எழுதுவதும் கடமையே. அவ்வாறு எழுதப்பெறும் பக்கங்களுக்கு இடமளிப்பது இத்தகைய இதழ்களின் பொறுப்பாகும்.